தங்கத்தைக் காட்டாத வளையல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நகை பற்றித்தான் பேச்சு, ஆனால் வாங்கச் சொல்லும் வீடியோ இல்லை. பணக்காரப் பகட்டைச் சீண்டிப் பார்க்கவென்றே கலைஞர்கள் சில நகைகளைச் செய்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த சிலதைச் சொல்கிறேன்.

இந்தக் கறுப்பு வளையலைப் பாருங்கள். வெறும் ரப்பர். ஒரு இடத்தில் மட்டும் புடைத்திருக்கிறது, தெரிகிறதா? அதற்குள்ளே ஒரு தங்கக் குண்டு. சுவிட்சர்லாந்துக்காரர் ஓட்டோ க்யூன்ஸ்லி 1980-இல் செய்தது. 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்று பெயர் வைத்தார். உள்ளே இருப்பது தங்கம்தானா என்று பார்க்க ஆசையா? ரப்பரை வெட்ட வேண்டும். வெட்டினால் தங்கம் கைக்கு வரும், நகை போய்விடும். மாட்டியிருப்பவரே செய்தவர் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும். நாலு பேர் பார்க்கத்தானே தங்கம் போடுவது? அந்த நாலு பேரையும் மனுஷன் வெளியே அனுப்பிவிட்டார்.

இவரே 1985-86-இல் ஒரு சங்கிலி செய்தார். 48 பழைய கல்யாண மோதிரங்களைக் கோத்த சங்கிலி. எடை போட்டால் நல்ல விலை வரும். ஆனால் ஒவ்வொன்றும் யாரோ விரலில் போட்டிருந்தது. செத்தவருடையதோ, பிரிந்தவருடையதோ, அவசரத்துக்கு விற்றதோ! சும்மா கொடுத்தாலும் நான் கழுத்தில் போட மாட்டேன்.

சரி, அவரிடம் படித்த டேவிட் பீலாண்டர் விஷயத்தை அப்படியே திருப்பிப் போட்டார். பார்த்தால் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டேப்ளர் அடித்த வளையல். உண்மையில் அது அட்டை நிறம் ஏற்றிய வெள்ளி, அந்தப் பின்கள் வெள்ளைத் தங்கம். நெதர்லாந்தின் டெட் நோட்டன் ஒரு மெர்சிடஸ் காரின் தகட்டை வெட்டி, சட்டையில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சுகள் ஆக்கினார். நல்ல ஜோக், ஆனால் ஒருமுறை சிரித்தால் தீர்ந்துவிடுகிறது.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. பகட்டைக் கிண்டல் செய்த இந்த நகைகளை மியூசியங்களும் வசதியான சேகரிப்பாளர்களும்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள். ரப்பர் வளையலைப் பார்த்ததும் "ஓ, க்யூன்ஸ்லியா!" என்று கேட்க ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் அதுவே அந்தஸ்து.

இதிலிருந்து கொஞ்சம் தப்பித்தவர் என்றால் நெதர்லாந்துக் கலைஞர் கைஸ் பாக்கர். 1973-இல் கம்பியைக் கையில் இறுக்கிக் கட்டி, அப்புறம் கழற்றி, தோலில் பதிந்த தடத்தையே நகை என்றார். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், யாரும் வாங்கவும் முடியாது. ஆனால் கட்டுவதற்கு அவர் எடுத்த கம்பி இருக்கிறதே, அது தங்கம்!