ஐம்பது நாள் நீளும் ஒரு ஞாயிறு

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம். கத்தோலிக்கத் திருஅவையின் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றி உரையாற்ற அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் தொடங்கிக் கிறிஸ்து அரசர் பெருவிழாவை அடுத்துவரும் சனிக்கிழமையோடு நிறைவுறும் அந்த ஆண்டு முழுவதையும் சில நிமிடங்களில் சுற்றிவர முடியாது. ஆகவே, இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தை நாம் சரியாகக் கொண்டாடுவதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பாஸ்காவுக்கு ஆயத்தமாகும் தவக்காலத்தை நாம் அக்கறையோடு கடைப்பிடிக்கிறோம். அதன் தொடக்க நாளாகிய திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். அன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளை மட்டும் முழு உணவு உண்டு ஒருசந்தி இருக்கிறோம். வெள்ளிதோறும் இறைச்சியைத் தவிர்த்துச் சுத்தபோசனம் காத்து, சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டுச் செபிக்கிறோம். ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கே உரியது என்றாலும், பெற்றோரைப் பார்த்துத் தாமும் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொள்ளும் சிறுவர்களைப் பல வீடுகளில் காணலாம். ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு முடிந்து, ஞாயிறு விருந்தும் முடிந்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடுகிறது. நாற்பது நாள் ஆயத்தம் செய்துவிட்டு, எதற்காக ஆயத்தம் செய்தோமோ அதை ஒரே பகலில் முடித்துவிடுகிறோம்.

திருஅவையின் கணக்கு வேறு. 1969ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்த திருவழிபாட்டு ஆண்டின் பொது விதிமுறைகள், உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரையிலான ஐம்பது நாள்களும் ஒரே திருநாளாக, ஒரு ‘பெரிய ஞாயிறாக’, மகிழ்ச்சியோடு கொண்டாடப்பட வேண்டும் என்று கூறுகின்றன. ‘பெரிய ஞாயிறு’ என்பது நான்காம் நூற்றாண்டில் புனித அத்தனாசியார் வழங்கிய சொல். இதே சீர்திருத்தத்தில் ஞாயிறுகளின் பெயரும் மாறியது. முன்பு பாஸ்காவுக்குப் பின்வரும் முதல் ஞாயிறு எனப்பட்டது இன்று பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு. ‘பின்வரும்’ என்ற சொல் போய்விட்டதைக் கவனியுங்கள். விழா முடிந்து அதன் நினைவில் வருகிற நாளாக அல்ல, விழாவுக்குள்ளேயே நிற்கும் நாளாக அந்த ஞாயிறு இப்போது எண்ணப்படுகிறது.

இது புதிதாகப் புகுத்தப்பட்ட எண்ணமும் அன்று. 325ஆம் ஆண்டில் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த ஐம்பது நாள்களிலும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று பணித்தது. உயிர்த்தவரோடு எழுந்து நிற்கிறோம் என்பதை உடலே அறிக்கையிட்டது. தவக்காலத்தில் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தவர்களுக்குத்தான் அந்த நிற்றலின் இனிமை முழுமையாகப் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பல ஆண்டுகளாகத் திருப்பலியில் வாசகம் வாசித்து வருபவன் என்ற முறையில், வழிபாடே நமக்கு எவ்வளவு கற்றுத்தருகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். முதல் எட்டு நாள்களாகிய பாஸ்கா எண்கிழமையில் ஒவ்வொரு நாளும் ஆண்டவரின் பெருவிழாவுக்கு இணையாக வைக்கப்படுகிறது. அந்நாள்களில் தினமும் ‘உன்னதங்களிலே’ எனத் தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுகிறது. மக்களை வழியனுப்பும் சொற்களோடு இருமுறை அல்லேலூயா சேர்கிறது. அந்த வாரத்து வெள்ளியன்று சுத்தபோசனக் கடமை கிடையாது. தவக்காலம் முழுவதும் எங்கும் ஒலிக்காதிருந்த ‘அல்லேலூயா’ திருவிழிப்பு இரவில் திரும்பி வந்தபின் திருப்பலியில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டின் பிற ஞாயிறுகளில் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்படும் முதல் வாசகம், இக்காலத்தில் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து எடுக்கப்படுகிறது. கல்லறை வெறுமையானதால் உலகில் என்ன நடந்தது என்பதை வாரம் வாரமாகக் கேட்கிறோம்.

பக்தி முயற்சிகளும் இந்தக் காலத்தோடு இசைந்து வர வேண்டும். கிறிஸ்தவ மக்களின் பக்தி முயற்சிகள் திருவழிபாட்டுக் காலங்களுக்கு ஏற்ப அமைந்து, திருவழிபாட்டிலிருந்து பிறந்து, மக்களை மீண்டும் அதனிடமே அழைத்துச் செல்ல வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டது. இதற்கு எளிய எடுத்துக்காட்டு, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் மூவேளை செபம். 1742இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் நெறிப்படுத்தியபடி, பாஸ்கா காலத்தில் அதன் இடத்தில் ‘விண்ணக அரசியே’ எனத் தொடங்கும் செபத்தை நின்றுகொண்டு சொல்கிறோம். மே மாத அன்னை மரியா பக்தியின் பெரும்பகுதி இந்த ஐம்பது நாள்களுக்குள்ளேயே வருகிறது. ஆகவே சிலுவையடியில் நின்ற தாயையும், திருத்தூதர்களோடு தூய ஆவியாருக்காகக் காத்திருந்த தாயையும் அந்த மாதத்தில் முன்னிறுத்துமாறு, பொதுமக்கள் பக்தி பற்றி 2001இல் வெளிவந்த வத்திக்கான் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. உயிர்ப்பிலிருந்து தூய ஆவியாரின் வருகை வரையிலான நிகழ்வுகளைத் தியானிக்கும் ‘ஒளியின் பாதை’ என்ற பக்தி முயற்சியையும் அதே நூல் எடுத்துரைக்கிறது. சிலுவைப் பாதைக்குத் திரளும் நாம், இந்தப் பாதைக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாமே!

ஒன்பது நாள் தொடர்ந்து செபிக்கும் நவநாள்கள் எத்தனையோ இருக்க, அவற்றுக்கெல்லாம் முன்மாதிரியான நவநாள் இக்காலத்தின் இறுதியில்தான் வருகிறது. ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கும் தூய ஆவியாரின் வருகைக்கும் இடையே சீடர்கள் மரியாவோடு ஒரே மனத்துடன் இறைவேண்டலில் நிலைத்திருந்தனர். அதைப் பின்பற்றி, தூய ஆவியார் பெருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் செபிக்குமாறு 1897இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ உலகெங்கும் உள்ள கத்தோலிக்கருக்குக் கேட்டுக்கொண்டார்.

துக்க வீட்டில் இருப்பவர் ஐம்பது நாள் எப்படி மகிழ முடியும் என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. உண்மையான கேள்வி அது. உயிர்ப்பு நாளன்றே எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரு சீடர்கள் வாட்டமுற்ற முகத்தோடுதான் நடந்தார்கள் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். இயேசு அவர்களுடைய துயரத்தை முதலில் கேட்டார். நெடுந்தொலைவு கூட நடந்தார். பிறகுதான் அப்பத்தைப் பிட்டார். ஒரே நாளில் மகிழ்ச்சி கைகூடாதவர்களுக்கும் இந்த நீண்ட காலம் இடம் தருகிறது.

ஐம்பது நாளும் வாசக மேடையருகே அல்லது பீடத்தருகே நின்ற பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி, தூய ஆவியார் பெருவிழாவின் கடைசி வழிபாடு முடிந்ததும் திருமுழுக்குத் தொட்டி இருக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. அதிலிருந்து திருமுழுக்குப் பெறுவோரின் திரிகள் ஏற்றப்படும். அடக்கத் திருப்பலியின்போது இறந்தவரின் பேழையருகே அது மீண்டும் எரியும். தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை திருஅவையின் அன்னையாகிய மரியாவின் நினைவு நாள். நண்பகலில் மீண்டும் பழைய மூவேளை செபத்தைத் தொடங்குகிறோம்.