வாசலைத் தெருப்பக்கம் வையுங்கள்: பள்ளி நூலகம் ஊருக்கும் நூலகமாக

[திரையில்: ஒரு பள்ளிக் கட்டடத்தின் தரைப்படம். முதல் மாடியில் நடைகூடத்தின் கடைசி அறை மஞ்சள் நிறத்தில் தெரிகிறது.]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது பெங்களூருவின் அல்சூர்ப் பகுதியில் இருக்கக்கூடிய ஒரு நடுத்தரப் பள்ளியின் வரைபடம். இது எந்த ஒரு குறிப்பிட்ட பள்ளியும் அல்ல. தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் போன்ற இடங்களை மனத்தில் வைத்து விளக்கத்துக்காக நாங்கள் வரைந்துகொண்ட மாதிரி. இதில் நூலகம் முதல் மாடியில், கணினி அறைக்கும் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, மாலை நான்கு மணிக்குப் பூட்டுகிறது, கோடை விடுமுறையில் திறப்பதே இல்லை. அதே தெருவில் காவலர் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கும் இளைஞர்கள் உட்கார இடமில்லாமல் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் டீக்கடையில் ஒரே நாளிதழைப் பத்துப் பேர் கைமாற்றிப் படிக்கிறார்கள். பள்ளிக்கும் ஊருக்கும் பொதுவாக அந்த அறையை எவ்வாறு மாற்றியமைக்கலாம் என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதற்கும் ஒரு படி மேலே போய், பள்ளி நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் பள்ளிக் கட்டடங்களை வயது வந்தோர் கல்விக்கும் சமூகப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடலாம் என்று பரிந்துரைக்கிறது. ஆகவே இந்த யோசனைக்குக் கொள்கை அளவில் தடை ஏதும் இல்லை. தடையெல்லாம் சாவியிலும் வாசற்படியிலும்தான்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் பின்னணியில் நான்கு சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: இடம், நேரம், தட்டுமுட்டு, பணியாளர்.]

இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். பெங்களூருக்காரர்களுக்கு அவர் இன்னும் நெருக்கமானவர். தம் கடைசிக் காலத்தை இந்த நகரத்தில்தான் கழித்தார், 1962இல் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கேதான் நிறுவினார், 1972இல் இங்கேயே மறைந்தார். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பலரும் அதை மேடையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த விதியை விளக்கும்போது அரங்கநாதன் பேசியது புத்தகங்களைப் பற்றி மட்டும் அல்ல. நூலகம் ஊரில் எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, அதன் அலமாரியும் மேசையும் எப்படி இருக்கின்றன, அங்கே பணியாற்றுகிறவர் எப்படிப்பட்டவர் என்ற நான்கையும் பற்றித்தான் விரிவாகப் பேசினார். பள்ளி நூலகத்தை மாற்றியமைக்க நினைக்கும் எவரும் இந்த நான்கையும் இதே வரிசையில் எடுத்துக்கொண்டால் போதும் என்பது எங்கள் கருத்து. நடைமுறையில் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து, அதாவது வண்ண நாற்காலிகள் வாங்குவதிலிருந்து, தொடங்கிவிடுகிறார்கள். திறப்பு விழாப் படங்கள் நன்றாக வருவதைத் தவிர அதனால் பெரிய பலன் இல்லை.

இடத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்க்காரர் ஒருவர் நூலகத்துக்கு வர, பள்ளியின் பெரிய கேட்டைத் தாண்டி, காவலாளியிடம் பெயர் எழுதி, வகுப்பறைகளின் ஓரமாக நடந்து, மாடியேற வேண்டும் என்றால், அவர் இரண்டாம் முறை வரமாட்டார். பள்ளி நிர்வாகமும் அதை விரும்பாது, விரும்பவும் கூடாது. எனவே நூலகத்தைத் தரைத்தளத்தில், சுற்றுச்சுவரை ஒட்டியிருக்கும் இரண்டு அறைகளுக்கு மாற்றி, நடுச்சுவரை எடுத்துவிட்டு, தெருப்பக்கம் தனியாக ஒரு வாசல் வைப்பதே முதல் வேலை. பள்ளிப் பக்கம் ஒரு கதவு, தெருப் பக்கம் ஒரு கதவு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். அவசரத்தில் வெளியேற மட்டும் இரண்டுமே உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி இருக்க வேண்டும். நடுச்சுவர் கட்டடத்தின் எடையைத் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

[திரையில்: மாடி அறை கீழே இறங்கிச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பொருந்துகிறது. தெருவை நோக்கி ஒரு கதவு திறக்கிறது.]

தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எடை. கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்தை வகுத்துத் தரும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ என்று கணக்கு வைக்கிறது. புத்தக அடுக்கு அறைக்கு அதே விதி 6 கிலோநியூட்டனில் தொடங்குகிறது; அடுக்கின் உயரம் 2.2 மீட்டரைத் தாண்டினால் இன்னும் கூடுகிறது. ஒரு மீட்டர் நீளத் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஆறு தட்டு, இரண்டு பக்கம், வரிசையாக ஐந்து ராக்குகள் என்று பெருக்கிப் பாருங்கள். வகுப்பறையாகக் கட்டிய மாடியில் இரும்பு ராக்குகளை நெருக்கமாக நிறுத்துவது, பார்வைக்குத் தெரியாத ஓர் ஆபத்து. மாடியை விட்டால் வேறு இடமே இல்லை என்னும் பள்ளிகள், உயரம் குறைந்த ராக்குகளைச் சுவரோரமாக மட்டும் வைத்து, நடுவைப் படிக்கும் இடமாக விட்டுவிடலாம். அதையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் ஒப்புதலோடு செய்ய வேண்டும்.

தெருவாசலில் படி இருந்தால் சாய்தளம் கட்டாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு இதைச் சலுகையாக நினைக்க இடமில்லை. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்: அடித்தளம் தெருவிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இடம் போதவில்லை என்று பாதி நீளத்தில் செங்குத்தாகக் கட்டிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதில் சக்கர நாற்காலி ஏறாது, மழை நாளில் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். நேராக நீட்ட முடியாவிட்டால் சுவரோரமாக மடக்கிக் கட்டலாம்.

இனி நேரம். பள்ளி நடக்கும் நேரத்தில் நூலகம் பிள்ளைகளுக்கு மட்டுமே. அந்த நேரத்தில் தெருக்கதவு பூட்டியிருக்கும். மாலை நாலரை மணியிலிருந்து எட்டு மணி வரையும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பள்ளிக் கதவு பூட்டியிருக்கும், தெருக்கதவு திறந்திருக்கும். இடையிலுள்ள அரை மணி நேரம் கூட்டிப் பெருக்குவதற்கும், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவதற்கும். இரு தரப்பையும் ஒரே நேரத்தில் கலக்கவிட்டால்தான் உண்மையான சமூக நூலகம் என்று சிலர் வாதிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஒரு நிறுவனம் அப்படிச் செய்ய முடியாது. மாலையில் பெற்றோருடனோ தாத்தா பாட்டியுடனோ பிள்ளைகள் வரட்டும். அது போதுமான கலப்பு. மாலை நேரத்தில் பொறுப்பேற்கும் தன்னார்வலர்களின் அடையாளத்தைச் சரிபார்த்துக் காவல்துறைச் சான்று பெற்றுக்கொள்வதும், கழிப்பறையை ஊருக்குத் தனியாக ஒதுக்குவதும் முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். தெருவாசலுக்கு மேலே ஒரு நல்ல விளக்கும் வேண்டும்.

[திரையில்: அறையின் உட்புறம். இடது ஓரம் தரையில் பாய், நடுவே சக்கரம் வைத்த தாழ்ந்த ராக்குகள், வலது சுவரோரம் மேசைகள்.]

தட்டுமுட்டுச் சாமான்களுக்கு வருவோம். வெறுந்தரையில் நிற்கும் ஒருவரின் கைக்கு எட்டாத தட்டு பயன்படாத தட்டு என்ற எண்ணம் அரங்கநாதனிடமே உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது 120 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். நடுவிலுள்ள ராக்குகளுக்குப் பூட்டக்கூடிய சக்கரங்கள் இருந்தால், மாலையில் அவற்றை ஒதுக்கிவிட்டுக் கூட்டமோ கதை சொல்லும் நிகழ்ச்சியோ நடத்தலாம். சுவரோர ராக்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பெங்களூருவில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை சுவர் ஈரம் வாங்கும், அடுத்தபடியாகப் பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் வரும். கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட பீரோக்களை மட்டும் தயவுசெய்து புதிய அறைக்குக் கொண்டுவர வேண்டாம். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குச் சுவரோரம் மேசையும், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பிளக் பாயின்டும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் வேண்டும்.

புத்தகங்களைப் பற்றி ஒரு நெருக்கமான காட்சி. அல்சூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கட்டண ரசீது கன்னடத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளை படிப்பது ஆங்கில வழி, அடுத்த வீட்டில் உருது. இந்தத் தெருவுக்கான நூலகம் தமிழ் நூலகமாக மட்டும் இருந்துவிட முடியாது. தமிழுக்கென்று அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கவே இருக்கிறது. இங்கே முதலில் தேவைப்படுவது தமிழ் வழியாகக் கன்னடம் கற்றுத்தரும் புத்தகங்கள், நான்கு மொழிகளில் நாளிதழ், கர்நாடக அரசுத் தேர்வுகளுக்கான கன்னட நூல்கள், அரசு விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவும் ஒரு மேசை. "அண்ணா, இந்தக் கடிதத்துல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்று ஓர் அம்மா தயங்காமல் வந்து கேட்கும் மேசை அது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் நூலகப் பணிதான்.

நூல்களை அடுக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் ட்யூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811, கன்னட இலக்கியம் 894.814, உருது இலக்கியம் 891.439. இந்த எண்கள் நூலகருக்கு உதவும். மாலையில் வரும் வாசகருக்கு உதவாது. அவருக்கு மொழிவாரியாகப் பெரிய எழுத்தில் அந்தந்த மொழியிலேயே பலகை வேண்டும். நூல்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணையில் தமிழ் எழுத்தாளர் பெயர்களைக் குடும்பப் பெயர் முன்னால் வரும்படி மாற்றிப் போட முயலும்போது குழப்பமே மிஞ்சும். நமக்கு முன்னெழுத்து ஊரும் தந்தை பெயருமாக இருக்கிறது, எனவே இயற்பெயரை முதலில் போட்டு முன்னெழுத்தைப் பின்னால் போடுவதே சரி. நியூசிலாந்தில் உருவான கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருள், தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் ஆகிய இரண்டும் இந்தப் பணிக்குப் பொருந்தும். யூனிகோடில் உள்ளிட்டால் நான்கு மொழிகளும் ஒரே அட்டவணையில் தேடக் கிடைக்கும்.

பணம் எங்கிருந்து வரும்? அரசுப் பள்ளிகளுக்கு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா என்ற அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை, பள்ளியின் நிலையைப் பொறுத்து, நூலக மானியம் உண்டு; அது புத்தகத்துக்கே சரியாக இருக்கும். மறுபக்கம், 1965ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி இந்த நகரத்தின் சொத்து வரியோடு 6 சதவீத நூலக வரியும் வசூலாகிறது. அது பள்ளிக்கு நேரடியாக வராது, பொது நூலகத் துறைக்குப் போகும். ஆனால் வரி கட்டும் தெருவாசிகளோடு சேர்ந்து, மாலை நேரத்துக்கான நாளிதழ்களையும் ஒரு பணியாளரையும் துறையிடம் மனு கொடுத்துக் கேட்கப் பள்ளிக்கு நல்ல நியாயம் இருக்கிறது.

கடைசியாகப் பணியாளர். பகலில் நூலகரை வராத ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பிவிட்டு அறையைப் பூட்டும் பழக்கம் நிற்காத வரை மேலே சொன்ன எதுவும் பலிக்காது. மாலைக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். பகல் நூலகரையே எட்டு மணி வரை நிறுத்தி வைப்பது நியாயமும் அல்ல, நீடிக்கவும் நீடிக்காது. உறுப்பினராக முன்பணம் கேட்க வேண்டாம் என்பதும் எங்கள் பரிந்துரை. சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். அதை ஆண்டுக் கணக்கில் தேய்மானமாக எழுதிவிடலாம். மின்கட்டணம் யார் பொறுப்பு, தேர்வுக் காலத்தில் திறப்பது உண்டா, சாவி யாரிடம் என்ற மூன்றையும் பள்ளி நிர்வாகமும், அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேம்பாட்டுக் குழுவும், தெருவாசிகளின் குழுவும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

[திரையில்: கோடு போட்ட ஒரு நீளப் பதிவேடு. நாள், மணி, மொழி, எதற்காக வந்தார் என்று நான்கு பத்திகள்.]

திறந்த பிறகு முதல் ஆறு மாதம் இந்தப் பதிவேட்டைத் தினமும் நிரப்புங்கள். பெயரோ முகவரியோ வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் நெரிந்து, ஞாயிறு காலை நாற்காலிகள் காலியாக இருப்பது பதிவேட்டில் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை நேரத்தை வெள்ளிக்கு மாற்றி, புதிய நேரத்தைத் தெருவாசலில் நான்கு மொழியிலும் எழுதி ஒட்டிவிடலாம்.