ஒரே கதை, இரண்டு முடிவு: ‘டு பில்ட் எ ஃபயர்’ வழியே கதைப்பின்னலும் முரணும்

[திரை: பனி மூடிய வெற்று வெளி. ஒரு சின்னக் கரும்புள்ளி நகர்கிறது. பின்னணி இசை வேண்டாம்.]

வணக்கம். ஓர் ஆள் பனியில் தனியாக நடந்து போகிறான். வழியில் பனிக்கட்டி உடைந்து கால் நனைகிறது. தீ மூட்டுகிறான். மரத்திலிருந்து பனி சரிந்து தீயை அணைத்துவிடுகிறது. மறுபடியும் மூட்டப் பார்க்கிறான்.

நடப்பது இவ்வளவுதான். இதை அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் இரண்டு தடவை எழுதினார், ஒரே தலைப்பில்: ‘டு பில்ட் எ ஃபயர்’. முதல் தடவை 1902-ல், ‘தி யூத்ஸ் கம்பேனியன்’ என்ற இளையோர் பத்திரிகையில். அதில் ஆள் பிழைத்துக்கொள்கிறான். இரண்டாவது 1908-ல், ‘தி செஞ்சுரி’ இதழில். அதில் செத்துப்போகிறான். தொகுப்புகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கதைதான்.

கதைப்பின்னல் என்றால் என்ன, முரண் என்றால் என்ன என்று படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இந்த ஜோடியைத்தான். சம்பவங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஒன்று படித்து மறக்கிற கதை, இன்னொன்று நூறு வருஷம் தாண்டியும் படிக்கப்படுகிற கதை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடினால் பாதிப் பாடம் முடிந்தது.

[திரை: கிளாண்டைக் வரைபடம். யூக்கான் ஆறும் ஹெண்டர்சன் ஓடையும் தெரிய வேண்டும்.]

முதலில் இடம். கனடாவின் வடமேற்கில், யூக்கான் ஆற்றுப் பக்கமுள்ள கிளாண்டைக் பகுதி. 1897-ல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஓடினார்கள். அப்போது 21 வயதான லண்டனும் போனார். தங்கம் கிடைக்கவில்லை, ஸ்கர்வி நோய் கிடைத்தது. அடுத்த வருஷமே ஊர் திரும்பினார். 1908 கதையின் நாயகன் போய்ச் சேர நினைக்கும் ஹெண்டர்சன் ஓடை லண்டனுக்குத் தெரிந்த இடம். அங்கேதான் அவரும் தங்கத்துக்காக நிலம் பதிந்து வைத்திருந்தார்.

அப்புறம் குளிர். கதையில் வெப்பநிலை மைனஸ் 75 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 59 செல்சியஸ். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ல் நிற்கும். மார்கழி விடியலில் மஃப்ளர் தேடும் நமக்கு இது வெறும் எண்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆளுக்கும் அது வெறும் எண்தான். அவனுடைய கோளாறே அதுதான்.

இங்கே கொஞ்சம் நிற்போம். மைனஸ் 50 ஃபாரன்ஹீட்டில் எச்சில் துப்பினால் பனியில் விழும்போது படபடவென்று வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். துப்பிப் பார்க்கிறான். தரையைத் தொடும் முன்னால், காற்றிலேயே வெடிக்கிறது. ஆக, 50-க்கும் கீழே போய்விட்டது. அதைச் சரியாகக் கணிக்கிறான். கணித்துவிட்டு நடையைத் தொடர்கிறான். தகவல் முழுக்க அவனிடம் இருக்கிறது. அந்தத் தகவல் தன் உடம்பைப் பற்றியது என்பது மட்டும் உறைக்கவில்லை. அவனுக்குக் கற்பனை கிடையாது, அதுதான் சிக்கல் என்று லண்டனே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார்.

[திரை: “மனிதன் எதிர் இயற்கை” என்ற எழுத்துகள். மேலே ஒரு கேள்விக்குறி.]

சரி, முரணுக்கு வருவோம், அதாவது கதையில் யார் எதோடு மோதுகிறார் என்பதற்கு. இந்தக் கதையைப் பற்றித் தேர்வில் கேட்டால் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பதில், “மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டம்”. மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அதில் திருப்தி இல்லை. போராட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றை விரும்ப வேண்டும். குளிர் எதையும் விரும்பவில்லை. இப்படி ஓர் ஆள் நடந்து போவதே அதற்குத் தெரியாது.

அப்படியானால் இவன் யாரோடு மல்லுக்கு நிற்கிறான்? கதையில் நேரில் வராத ஒரு கிழவரோடு.

சல்ஃபர் ஓடையில் இருக்கும், பழம் தின்று கொட்டை போட்ட கிழவர் அவர். மைனஸ் 50-க்குக் கீழே போனால் கிளாண்டைக்கில் யாரும் தனியாக வழிநடக்கக் கூடாது என்று இவனிடம் முன்பே சொல்லியிருக்கிறார். இவனோ அங்கே முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் புது ஆள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்தக் கிழவர் அவன் நினைவில் வரும் இடங்களையெல்லாம் கோடு போட்டுப் பாருங்கள்.

முதல் இடம், மதியம் பன்னிரண்டரை. திட்டமிட்டபடி, நிமிஷம் பிசகாமல் ஓடை பிரியும் இடத்துக்கு வந்துவிட்டான். பிஸ்கட்டைத் தின்னக் கையுறையைக் கழற்றுகிறான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. லேசாகப் பயம். இந்த ஊர்க் குளிரைப் பற்றி அந்த மனிதர் சொன்னது உண்மைதான், நான்தான் அப்போது சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறான். தீ மூட்டிச் சாப்பிட்டதும் பயம் போய்விடுகிறது.

இரண்டாவது இடம், கால் நனைந்த பிறகு. ஓடை அடிவரை உறைந்திருக்கிறது. ஆனால் மலைப்பக்க ஊற்றுகளின் தண்ணீர் பனிக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே உறையாமல் ஓடி அங்கங்கே தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு குழியில் முழங்காலுக்குப் பாதிவரை இறங்கிவிடுகிறான். உடனே காய வைக்காவிட்டால் கால் போய்விடும். அதையும் அந்தக் கிழவர்தான் சொல்லியிருந்தார். இப்போது மனசுக்குள் நன்றி.

மூன்றாவது இடம்தான் எனக்குப் பிடித்தது. தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிழவரின் அறிவுரை நினைவுக்கு வருகிறது, சிரித்துக்கொள்கிறான். விபத்து நடந்தது, தனியாகத்தான் இருந்தேன், தப்பித்துவிட்டேனே! அந்தப் பழைய ஆட்களில் சிலர் பொம்பளை மாதிரி பயப்படுகிறவர்கள் என்று எண்ணம் ஓடுகிறது.

[திரை: தீ மட்டும். மெல்ல மேலே நகர்ந்து, பனி சுமந்த கிளைகள்.]

தீயை அவன் மூட்டியது ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில். சுள்ளிகளைக் கைக்கெட்டிய புதரிலிருந்து இழுத்து இழுத்துப் போடுவது சுலபம் என்பதால் அந்த இடம். ஒவ்வொரு இழுப்பிலும் மரம் ஒரு துளி அதிர்கிறது. மேல் கிளையிலிருந்து பனி சரிகிறது. அது கீழ்க்கிளையைத் தட்ட, அதுவும் சேர்ந்து மொத்தமாக இறங்கித் தீயை மூடிவிடுகிறது.

இந்தப் பனிச்சரிவு 1902 கதையிலும் உண்டு. அங்கே அது ஒரு சோதனை, தாண்டி வருகிறான். இங்கே சிரிப்புக்குச் சற்றுப் பின்னால் விழுவதால், அது கிழவரின் பதில் மாதிரி விழுகிறது. பனி விழுவது சம்பவம். அதை எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் விழ வைப்பது என்ற முடிவைத்தான் கதைப்பின்னல் என்கிறோம்.

மிச்ச இடங்கள் சீக்கிரம் வந்துவிடும். தீ அணைந்ததும், “ஒருவேளை அவர் சொன்னது சரிதானோ” என்று தோன்றுகிறது. கடைசியில், உறக்கம் போல மரணம் ஏறும்போது, எதிரே அந்தக் கிழவர் வெதுவெதுப்பாக உட்கார்ந்து குழாய் புகைப்பது தெரிகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று முணுமுணுக்கிறான். வாக்குவாதம் முடிகிறது. கதையும் அநேகமாக முடிகிறது.

இப்போது 1902-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆளுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. “தனியாகப் போகாதே” என்ற விதியைக் கதைசொல்லியே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். கையில் தழும்போடு பிழைத்துவந்த டாம், கடைசியில் அதே வாக்கியத்தை மற்றவர்களுக்குச் சொல்கிறான். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் கைகோத்து நிற்கின்றன. நடுவே வாக்குவாதத்துக்கு எதிராளி இல்லை. அறிவுரை இருக்கிறது, அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்ட மனிதர் இல்லை. பெயரில்லாத அந்த இரண்டாவது ஆளுக்குக் கிடைத்தது அவர்தான்.

இன்னொன்றும் கிடைத்தது: நாய். 1902-ல் நாயே இல்லை. முதல் தடவை படித்தபோது நாய் வரும் பத்திகளை நான் வர்ணனை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். தப்பு. நாய்க்கு வெப்பமானி தெரியாது, மைனஸ் 75 என்று எண்ணத் தெரியாது. ஆனால் இது நடக்கிற நாள் இல்லை என்று அதன் உடம்புக்குத் தெரிகிறது. ஆளிடம் எண் இருக்கிறது, உணர்வு இல்லை; நாயிடம் உணர்வு இருக்கிறது, எண் இல்லை. தீ போன பிறகு, நாயைக் கொன்று அதன் உடல் சூட்டில் கையை வைத்துக்கொள்ளலாம் என்று அதைக் கூப்பிடுகிறான். அதுவரை சாட்டைச் சத்தத்தோடு மட்டுமே பேசிய குரலில் இப்போது புதிதாக ஒரு பயம். நாய் அதைத்தான் சந்தேகப்படுகிறது. எப்படியோ கட்டிப்பிடித்துவிடுகிறான். ஆனால் கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. விட்டுவிடுகிறான்.

[திரை: 1902, 1908 என்று இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

நீங்கள் செய்ய வேண்டியது இது. 1902-ஐ முதலில் படியுங்கள், சின்னக் கதைதான். மறுநாள் 1908. அது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில், “இதற்குப் பிறகு அவனால் எது முடியாமல் போகிறது?” என்று ஒரு வரி எழுதுங்கள். கால் நனைந்ததும் நடையைத் தொடர முடியாது. தீ அணைந்ததும் விரல் போகிறது. விரல் போனதும் தீக்குச்சி போகிறது. எந்த வரியிலிருந்து திரும்பி வரவே முடியாது என்று ஓரிடத்தில் கோடு போடுங்கள். பலர் பனி சரியும் இடத்தில் போடுவார்கள். நான் பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டில் போட்டிருக்கிறேன். பயம் வந்து, தீ பக்கத்தில் இருந்து, திரும்பிப் போக நேரமும் இருந்தது அங்கேதான்.

கடைசிப் பத்தியைப் படிக்கும்போது ஆளை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள். அது காத்திருக்கிறது, முகர்ந்து பார்க்கிறது, நட்சத்திரங்களுக்குக் கீழே ஊளையிடுகிறது. அப்புறம் முகாம் இருக்கும் திசையில் ஓடுகிறது. அங்கே சாப்பாடு போடுகிறவர்களும் தீ மூட்டுகிறவர்களும் வேறு சிலர் இருக்கிறார்கள்.