கத்திரி வெயில்ல உங்க உடம்புத் தண்ணியைக் காப்பாத்துறது யாரு?

[காட்சி: மே மாத மதியம். தி.நகர் ரங்கநாதன் தெரு. துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு நடக்கும் கூட்டம்.]

வணக்கம். காலையில இருந்து ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருப்பீங்க. ஆனா பாத்ரூம் போனது ஒரே தடவை. அதுவும் கொஞ்சமா, நல்ல மஞ்சளா. வேர்வையா நிறைய போயிடுச்சு, சரி. மிச்சத் தண்ணியை வெளியில விடாம பிடிச்சு வெச்சது ஒரு ஹார்மோன். பேரு வாசோபிரெசின். டாக்டர்கள் ஏ.டி.எச்.னு சொல்வாங்க.

[அனிமேஷன்: தலையின் குறுக்குவெட்டு. ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பிட்யூட்டரி.]

மூளையோட அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி இருக்கு. ரத்தம் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அது ஓயாம பார்த்துக்கிட்டே இருக்கும். வேர்த்துக் கொட்டி, ரத்தத்துல உப்போட செறிவு 1, 2 சதவீதம் ஏறினாலே போதும், ரெண்டு வேலை நடக்கும். உங்களுக்குத் தாகம் எடுக்கும். பிட்யூட்டரியோட பின்பகுதி, சேர்த்து வெச்சிருக்கிற ஏ.டி.எச்.சை ரத்தத்துல விடும்.

வேர்வைச் சுரப்பிக்கு நாளம், அதாவது ஒரு சின்னக் குழாய் இருக்கு, தோல் வழியா வெளியில விடும். பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல் எல்லாம் நாளமில்லாச் சுரப்பிகள். ஹார்மோனை நேரா ரத்தத்துலதான் விடும். ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டு போகும். ஆனா அதுக்கான ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடிச்சுக்கிற புரதம், எந்தச் செல்லுல இருக்கோ, அந்தச் செல்தான் கேட்கும்.

[அனிமேஷன்: சிறுநீரகத்துக்குள் ஒரு நுண்குழாய்.]

ஏ.டி.எச். சொல்றதை முக்கியமா கேட்கிறது சிறுநீரகம். ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுது. ஆனா சிறுநீரா வெளியில போறது சாதாரணமா ஒண்ணரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போயிடுது. பெரும்பகுதி எந்த ஹார்மோனும் சொல்லாமலே போகும். கடைசிக் குழாய்ல இருக்கிற அந்தக் கொஞ்சத்தை என்ன பண்றதுன்னு முடிவு பண்றதுதான் ஏ.டி.எச்.

அது வந்து சேர்ந்ததும், குழாயோட செல்லுக்குள்ள இருக்கிற அக்வாபோரின்னு ஒரு புரதம் மேல்பரப்புக்கு வந்து நிக்கும். தண்ணி மட்டும் அது வழியா உள்ள திரும்பும். கழிவு அங்கேயே தங்கிடும். சிறுநீர் மஞ்சளாகிறது இதனாலதான். இந்த அக்வாபோரினைக் கண்டுபிடிச்சதுக்காக பீட்டர் ஆக்ரிக்கு 2003-ல வேதியியல் நோபல் பரிசுல பங்கு கிடைச்சது.

இப்ப நீங்க ஒரு சொம்பு தண்ணி குடிக்கிறீங்க. அது குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, தொண்டையில இறங்கும்போதே தாகமும் ஏ.டி.எச்.சும் குறைய ஆரம்பிச்சிடும். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தண்ணி வந்துக்கிட்டிருக்குன்னு மூளைக்கு முன்கூட்டியே தகவல் போயிடுது. ரத்தத்துல இருக்கிற பழைய ஏ.டி.எச்.சை ஈரலும் சிறுநீரகமும் சீக்கிரமே சிதைச்சிடும். அக்வாபோரின் திரும்ப உள்ள போயிடும்.

ஆனா ஏ.டி.எச்.சால இருக்கிற தண்ணியைச் சேமிக்கத்தான் முடியும். இல்லாத தண்ணியை உண்டாக்க முடியாது. கழிவை வெளியேத்த தினமும் அரை லிட்டர் சிறுநீராவது போயாகணும்.

[காட்சி: துணிக்கடைக்குள் நின்றபடி புடவை மடிக்கும் பெண். நடைபாதையில் பூ கட்டும் பெண்.]

இவங்கள்ல பல பேர் வேலை நேரத்துல வேணும்னே தண்ணி குடிக்கிறதில்ல. போக இடம் இல்ல, அதான். நாள் முழுக்க சிறுநீர் கெட்டியாவே இருந்தா சிறுநீரகத்துல கல் வரலாம். அடக்கி அடக்கி வெச்சா நீர்க்கடுப்பு, கிருமித்தொற்று வரலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டம் திருத்தினாங்க. சுத்தமான கழிப்பறையும் அதே அளவுக்கு அவசியம். கடை முதலாளிகள் யாராவது இதைப் பார்த்துக்கிட்டிருந்தா, தயவுசெஞ்சு யோசிங்க.

[அனிமேஷன்: சிறுநீரகத்தின் மேல் தொப்பியாக அட்ரினல்.]

வேர்வையில தண்ணி மட்டுமா போகுது? உப்பும் போகுது. அதுக்கு வேற ஹார்மோன், ஆல்டோஸ்டிரோன். ரத்த அளவு குறைஞ்சா சிறுநீரகம் ரெனின்னு ஒரு நொதியை விடும். அதனால ஆஞ்சியோடென்சின்னு இன்னொரு ஹார்மோன் உருவாகும். அது போய் அட்ரினலைத் தூண்டும். அட்ரினல் விடுற ஆல்டோஸ்டிரோன் சிறுநீர்லயும் உப்பைப் பிடிக்கும், வேர்வையிலயும் பிடிக்கும். ஊட்டியில இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவங்களுக்கு, வெயில்ல பழகி ஒண்ணு ரெண்டு வாரத்துல வேர்வையில உப்பு குறையறது இதனாலதான்.

மணிக்கணக்கா வேர்க்க வேர்க்க வேலை செஞ்சுட்டு வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புப் போட்ட நீர்மோர் அந்த நேரத்துக்கு நல்ல ஏற்பாடு.

பி.பி. இருக்கிறவங்க, இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் உப்பை இஷ்டத்துக்குக் கூட்டாதீங்க. டெல்மிசார்ட்டான் மாதிரி பி.பி. மாத்திரை, இப்ப சொன்னோமே, அந்த ஆஞ்சியோடென்சினோட வேலையைத்தான் தடுக்குது. அதைச் சாப்பிடுறவங்களுக்கு வெயில்ல வாந்தி, பேதின்னு வந்தா உடம்புல தண்ணி சட்டுனு குறைஞ்சு சிறுநீரகம் பாதிக்கலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அன்னிக்கே டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.