எலுமிச்சைச் சாறு குடித்ததும் பல் துலக்கலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறு கலந்து குடிக்கிறேன். வாயில் புளிப்பு தங்கக் கூடாது என்று உடனே பல் துலக்கிவிடுகிறேன். கொஞ்ச நாளாகத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. நன்றாக அழுத்தித் தேய்க்கக் கடினமான பிரஷ் வாங்கட்டுமா டாக்டர்?"

படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல்லை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு, அந்த அக்கறையாலேயே பல் தேய்கிறதே என்ற ஆதங்கம். கடினமான பிரஷ் வேண்டவே வேண்டாம் அம்மா. எலுமிச்சை குடித்த கையோடு துலக்குவதை நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அமிலத்துக்கு அது இளகிக்கொடுக்கும். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியே இருக்கிறது. ஒரு தம்ளர் நீர் ஊற்றினாலும் 5.5-க்குப் பக்கத்தில்கூட வராது. தேன் சேர்த்தாலும் அப்படித்தான். சூடாகக் குடித்தால் கரைவது இன்னும் கொஞ்சம் வேகமாகும்.

அந்த நேரத்தில் எனாமலின் மேல்பரப்பு மெத்தென்று ஆகியிருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் தேய்த்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது. நாள்தோறும் ஒரு மெல்லிய படலம் பிரஷோடு போகிறது. போன எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எனாமல் மெலிந்த இடத்தில் டென்டின் என்ற உள்ளடுக்கு வெளிப்படுகிறது. உங்களுக்குக் கூசுவது அங்கிருந்துதான்.

அப்படியானால் எப்போது துலக்குவது? எழுந்ததும் ஃபுளோரைடு பற்பசையும் மென்மையான பிரஷும் கொண்டு முதலில் துலக்கிவிடுங்கள். நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசித் தள்ளிவிடாதீர்கள். பிறகு எலுமிச்சை குடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஏதோ காரணத்தால் குடித்த பிறகுதான் துலக்க வேண்டுமென்றால், அரை மணியாவது பொறுங்கள், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. உமிக்கரி, உப்புத்தூள், இப்போது கடைகளில் விற்கும் கரிப் பற்பசை எதுவும் வேண்டாம். இளகிய பல்லில் அவை அரம் போட்டதுபோலத்தான்.

அந்த அரை மணியில் வேலை செய்வது உமிழ்நீர். அமிலத்தை முறித்து, இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்கு ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்றுதான் கேட்பேன். ஒரு பாட்டில் குளிர்பானத்தைச் சாப்பாட்டோடு குடித்து முடிப்பவரைவிட, அதே பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு மாலை வரை ஒவ்வொரு வாயாக உறிஞ்சுபவருக்குத்தான் பல் அதிகம் அரிக்கும். உமிழ்நீர் ஒருமுறை சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், படுக்கும் முன் பழச்சாறு குடிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

உடனே புளிப்பு என்றாலே பயந்து தயிரை ஒதுக்கிவிடாதீர்கள். தயிரும் அமிலம்தான். ஆனால் அதிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவை கரைந்து போவதில்லை. தயிர்சாதத்தில் பல் தேய்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சகோதரி கேட்காத ஒன்றை நானாகக் கேட்கிறேன். அமிலம் வெளியிலிருந்து மட்டும்தான் வருகிறதா? கொஞ்ச காலத்துக்கு முன் ஒருவர் வந்தார். குளிர்பானம் தொடமாட்டார், ஊறுகாய்கூட இல்லை. மேல் முன்பற்களை வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. சின்னக் கண்ணாடியை உள்ளே வைத்துப் பின்பக்கம் பார்த்தேன். வழவழவென்று தேய்ந்து, கண்ணாடி போல் மெலிந்திருந்தது. கடைவாய்ப்பல்லில் எப்போதோ அடைத்த வெள்ளி அடைப்பு, சுற்றியிருந்த பல்லைவிட உயரமாக எழும்பி நின்றது. அடைப்பு வளரவில்லை, பல் இறங்கியிருக்கிறது. "ராத்திரி நெஞ்செரிச்சல் உண்டா, காலையில் வாய் புளிக்கிறதா?" என்று கேட்டேன். "அது பத்து வருஷமாக இருக்கிறது டாக்டர், அதற்கும் பல்லுக்கும் என்ன?" என்றார். வயிற்று அமிலத்தின் பி.எச். 1, 2 என்ற அளவில் இருக்கும். எலுமிச்சையைவிடக் கடுமையானது. தூக்கத்தில் எதுக்களித்து வந்தால் அதை முறிக்க உமிழ்நீரும் அப்போது போதாது. அவரை முதலில் வயிற்று மருத்துவரிடம் அனுப்பினேன். எதுக்களிப்பு அடங்காமல் நான் எதைப் பூசினாலும் அடியிலிருக்கும் பல் கரைந்துகொண்டேதான் இருக்கும்.

மசக்கையில் அடிக்கடி வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். நாற்றம் போகட்டும் என்று வீட்டில் உடனே பல் துலக்கச் சொல்வார்கள். வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். அது அமிலத்தை முறித்துவிடும். பிரஷை ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் போதும்.