லாக்ஸ்டன் ஊரின் வரப்புக் காவல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மேடையை அளித்த நூலகக் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை ‘மேய்ச்சல் நிலத்துக்காரர்’ என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரின் வயல், வழக்குமன்றம், வரைபடம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஊர் கூடித் தேர் இழு’ என்பார்கள். அவ்வூரில் தேர் இல்லை, வயல் உண்டு. மூன்று பெருவயல்களில் உழவர்களின் நிலங்கள் நீளத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இடையில் வேலி கிடையாது. ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வேறு பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்று முறைவைத்துச் சுழல்வதால், தன் துண்டில் தன் விருப்பம்போல் விதைத்துக்கொள்ள எவருக்கும் வழியில்லை.

நவம்பர் இறுதியில் நடப்பதைக் கேளுங்கள். கோதுமை விதைத்த வயலுக்குள் நடுவர் குழுவாக இறங்குபவர்கள் அதே ஊர் உழவர்கள்தாம். குளிரில் சேறு ஒட்டிய காலணிகளோடு துண்டு துண்டாக நடந்து, எவருடைய கலப்பையாவது பொதுப் புல்வரப்பைக் கடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். ஓர் அடி நுழைந்திருந்தாலும் அங்கே மரமுளையை அடித்து இறக்கி, எல்லை இதுவரைதான் என்று காட்டிவிடுகிறார்கள். நேற்றுவரை திண்ணையில் உடனிருந்து பேசிய பங்காளியின் வரப்பிலே இன்று முளை! பிறகு எல்லோரும் மதுக்கடைக்குச் சென்று ஒன்றாகவே உணவருந்துகிறார்கள்; அபராதத்தை அடுத்த வாரம் கூடும் ஊர் வழக்குமன்றம் விதிக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதானே! 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும், லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு அளித்தது.

பிற ஊர்களின் கதி வேறு. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் அடைத்தன. ஏழையின் பசு மேய்ந்த இடத்தில் பண்ணையாரின் வேலி எழுந்தது. எல்லாம் சட்டப்படியே நடந்தது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். பொது மேய்ச்சல் நிலத்தை எவருக்கும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்று நான் போகுமிடமெல்லாம் மன்றாடுவது அதனால்தான். லாக்ஸ்டன் 1952-இல் அரசிடமும், 1981-இல் முடியரசின் நிலச் சொத்துகளை நிர்வகிக்கும் அரச எஸ்டேட்டிடமும், 2020-இல் தனியார் பண்ணையான தோர்ஸ்பி எஸ்டேட்டிடமும் கைமாறியது. வயல் முறை மாறவில்லை.

வரைபடத்துக்கு வருமுன் தலைவர் மணியடித்துவிட்டார். நில அளவையாளர் மார்க் பியர்ஸ் 1635-இல் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மேய்ச்சல் நிலக் கோரிக்கை மனு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.