பிரேதத்தோடு போகிற போலீஸ்காரர்

வணக்கம். ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி, இருபது கொண்டை ஊசி வளைவு என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த இருபது வளைவையும் நான் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் எண்ணியிருக்கிறேன், அதுவும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்ட்ரெச்சர் சரியாமல் அணைத்துக்கொண்டு. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு வளைவு எதுவும் தெரியாது. எனக்குத்தான் வயிற்றைப் புரட்டும்.

காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றவன் நான். பிரேதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை யாருக்கும் பிடிக்காது. ஸ்டேஷனில் யார் புதிதாக வந்திருக்கிறாரோ, அல்லது யார் வாயில்லாப் பூச்சியோ, அவர் தலையில்தான் விழும். எனக்கு இரண்டு தகுதியும் இருந்தது. கொலை நடந்தால் இறந்தவரின் உடலை போலீஸ் என்ன செய்கிறது, எதற்காக அத்தனை நேரம் எடுக்கிறது என்று மக்களுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள் என்று வானொலி நண்பர்கள் கேட்டார்கள். துப்பறியும் கதை எனக்குச் சொல்லத் தெரியாது. உடல் கிடந்த இடத்திலிருந்து சொந்தக்காரர் கையில் போய்ச் சேருகிற வரை கூடவே இருந்தவன் என்கிற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம், கொஞ்சம் கசப்பாக இருக்கும். கொலை வழக்கில் தடயத்தைக் கெடுப்பது கொலைகாரன் மட்டும் இல்லை. இரக்கப்பட்டவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். ஒரு முறை காபித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் மரத்தடியில் ஒருவர் கிடந்தார், தலையில் வெட்டு. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே வேலை செய்கிற அம்மா ஒருவர் தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அவர் மேல் போர்த்திவிட்டார். இன்னொருவர் கண்ணை மூடிவிட்டார். விலகிக் கிடந்த லுங்கியை ஒரு பெரியவர் இழுத்துச் சரிசெய்துவிட்டார், முகத்தில் இருந்த மண்ணைக்கூட யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். யாரைக் குறை சொல்ல முடியும்? நம் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடந்தால் நாமும் இதைத்தான் செய்வோம். ஆனால் அப்புறம் உடம்பில் கிடைத்த முடியும் நூலும் கொலை செய்தவனுடையதா, அந்தக் கம்பளியில் ஒட்டியிருந்ததா என்று வக்கீல் கேட்டபோது எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கம்பளி கொடுத்த அம்மாவும் சாட்சிக் கூண்டில் நின்று அழுதார், ஐயா, குளிருமேன்னு போர்த்தினேன் என்றார்.

அதனால் எங்கே போனாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் துளி இருந்தாலும் தடயமாவது ஒன்றாவது, தூக்குங்கள், ஓடுங்கள், 108க்குப் போன் போடுங்கள். மரத்தில் தொங்குகிறவராக இருந்தால் உடனே கயிற்றை அறுத்து இறக்குங்கள், ஆனால் முடிச்சில் கை வைக்காமல் முடிச்சுக்குத் தள்ளி அறுங்கள். அந்த முடிச்சை அவரே போட்டாரா, வேறு யாராவது போட்டார்களா என்பதை முடிச்சு சொல்லும். உயிர் போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், நாலடி தள்ளி நின்று மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். துணி போர்த்த மனசு துடிக்கும். போர்த்தாதீர்கள்.

சரி, போலீஸ் வந்துவிட்டது. யார் என்றே தெரியாத உடலாக இருந்தால் பெரும்பாலும் வி.ஏ.ஓ.தான் புகார் கொடுப்பார். பார்த்தவுடன் கொலை என்று தெரிகிறதென்றால் கொலை வழக்கு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 103ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302. தெளிவாகத் தெரியாவிட்டால் சந்தேக மரணம். அது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. ஸ்டேஷனில் பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'நூத்தி எழுபத்தி நாலு'தான் வருகிறது, எனக்கும் அப்படித்தான். சந்தேக மரணம் என்று போட்டதாலேயே போலீஸ் அமுக்கப் பார்க்கிறது என்று சொந்தக்காரர்கள் கொதித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி அமுக்கிய இடமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் அறிக்கை வந்ததும் பிரிவை மாற்றிக் கொலை வழக்காக ஆக்குவது எங்களுக்கு அன்றாட வேலை. கேட்க வேண்டிய கேள்வி, பிரிவு மாற்றினீர்களா, எப்போது என்பதுதான்.

அப்புறம் பிரேத விசாரணை. இதைப் பிரேதப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பரிசோதனை டாக்டர் செய்வது, பிணவறையில். விசாரணை இன்ஸ்பெக்டர் செய்வது, உடல் இருக்கும் இடத்தில், அக்கம்பக்கத்து மனிதர்களைப் பஞ்சாயத்தாராக வைத்துக்கொண்டு. சட்டம் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் என்கிறது, நம் பக்கம் ஐந்து பேரை உட்காரவைப்பது வழக்கம். தலை வடக்காகவும் கால் தெற்காகவும் மல்லாந்த நிலையில், வலது கை மடங்கி, கண்கள் பாதி திறந்து, நாக்கு உள்ளடங்கி, இன்ன நிறச் சட்டை, இடது காலில் ஒரு மெட்டி என்று ஒவ்வொன்றாக எழுதிப் போவார்கள். கேட்பவர்களுக்கு இது என்ன கொடுமை, செத்தவரை மாட்டுச்சந்தையில் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்களே என்று தோன்றும். எனக்கும் முதல் வருடம் தோன்றியது. கடைசியில் எப்படி இறந்திருப்பார் என்று பஞ்சாயத்தாரின் அபிப்பிராயம் கேட்பார்கள். யார் கொன்றது என்பது அதில் வர வேண்டியதில்லை, வெளிப்பார்வைக்குச் சாவு எப்படி என்பதுதான் அதன் நோக்கம், உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை. காவலில் இருந்தவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும், அதில் எங்கள் ஆட்கள் தள்ளி நிற்க வேண்டியதுதான்.

இந்த வர்ணனை எல்லாம் எதற்கு என்று மலையில் வேலை பார்த்தவனுக்குத்தான் நன்றாகப் புரியும். மலைப்பாதை என்றாலே சிலருக்கு உடலை வீசுகிற இடம் என்று ஒரு நினைப்பு. கீழே எங்கேயோ கொன்று, ராத்திரியில் வண்டியில் கொண்டுவந்து, வளைவில் நிறுத்தி உருட்டிவிட்டுப் போனால் வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் இதயம் நின்றதும் ரத்தம் உடம்பின் தாழ்வான பக்கம் இறங்கித் தேங்கும், தோலில் நீலம் பாய்ந்த மாதிரித் தெரியும், சில மணி நேரத்தில் அது அங்கேயே நிலைத்துவிடும். ஆள் குப்புறக் கிடக்கிறார், நீலமோ முதுகில் இருக்கிறது என்றால், அவர் இறந்து வெகுநேரம் எங்கேயோ மல்லாந்து கிடந்திருக்கிறார், பிறகுதான் இங்கே வந்திருக்கிறார். விழுந்ததில் பட்ட காயத்தில் ரத்தக்கட்டு இருக்கும், இறந்தபின் பாறையில் இடித்ததில் அப்படி இருக்காது. இதை எல்லாம் டாக்டர் சொல்வார், ஆனால் ஆள் எந்தப் பக்கம் கிடந்தார் என்று டாக்டருக்கு யார் சொல்வது? அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் இரக்கப்பட்டு உடலைத் திருப்பிப் போட்டிருந்தால் காகிதமும் பொய் சொல்லும்.

குளிரும் அப்படித்தான். ஏற்காடு ஐயாயிரம் அடி உயரம், சேலத்தில் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது மேலே ராத்திரி ஸ்வெட்டர் போடுகிறோம். கீழே உடம்பு சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்து, சீக்கிரம் கெட்டும் போகும். மேலே எல்லாம் நிதானமாக நடக்கும். மேலே கிடந்தவரைக் கீழே கொண்டுவந்து, எங்கே கிடந்தார், ராத்திரி மழை பெய்ததா, வெயில் பட்டதா என்று எதுவும் சொல்லாமல் மேசையில் வைத்தால் செத்த நேரத்தை டாக்டர் எப்படிக் கணிப்பார்? எறும்பு கடித்த இடம்கூடச் சிராய்ப்புக் காயம் மாதிரி இருக்கும். நான் அதனாலேயே எறும்பு இருந்ததா என்று பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வேன். சக காவலர்கள் என்னை எறும்பு ஏட்டையா என்று கூப்பிட்டார்கள்.

கைகளுக்கு உறை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காகித உறையாக இருக்க வேண்டும். இறந்தவர் போராடியிருந்தால் நகத்துக்குள் எதிராளியின் தோலோ முடியோ இருக்கும், பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வேர்த்து அது கெட்டுவிடும். ரத்தம் தோய்ந்த துணியையும் ஈரத்தோடு கட்டக் கூடாது, நிழலில் உலர்த்திக் காகிதத்தில் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை, கிடைத்த கேரிபேக்கில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறோம், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இப்போது புதுச் சட்டத்தில் ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கே வந்து தடயம் எடுக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது, மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து வருட அவகாசம். தடய அறிவியலில் நம் மாநிலத்துக்குப் பழைய பாரம்பரியம், 1849இலேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஆரம்பித்தாகிவிட்டது.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் கடிதத்தோடு உடலை என்னிடம் ஒப்படைப்பார். அந்த நிமிஷத்திலிருந்து நான் அதை விட்டு நகரக் கூடாது. பிணவறையில் டாக்டரிடம் இன்னாருடைய உடல் இதுதான் என்று அடையாளம் காட்டுவதும் நான்தான், பரிசோதனை முடிந்ததும் துணிமணிகளை வாங்கி வந்து கொடுப்பதும் நான்தான். விஷம் என்று சந்தேகம் இருந்தால் குடல் பாகங்களைப் பெரும்பாலும் உப்புக் கரைசலில் போட்டு முத்திரை வைப்பார்கள், அதுவும் கைமாறிக் கைமாறித்தான் ஆய்வகத்துக்குப் போகும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நேரம், கையெழுத்து. ஒரு முறை இறங்கி வரும்போது அடிவாரத்தில் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், வண்டி எங்கே நின்றது, எத்தனை நிமிஷம், நீங்கள் இறங்கினீர்களா, அப்போது உடலோடு யார் இருந்தார்கள் என்று அந்த ஒரு டீக்கு அரைமணி நேரம் என்னைக் கூண்டில் நிறுத்திவைத்தார். அவர் கேட்டது நியாயம்தான். அதன் பிறகு வீடு போய்ச் சேரும் வரை டீ கிடையாது.

உடலைச் சாயங்காலம் கொண்டுவந்துவிட்டு மறுநாள் வரை ஏன் காக்க வைக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். சூரியன் மறைந்த பின்னும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு சொன்னது, ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல் மாதிரியானவற்றுக்கு அது பொருந்தாது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தால் ஒழிய. அதனால் ராத்திரி முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் ஒருவர் போய், அண்ணா, காலையில்தான் ஆரம்பிப்பார்கள், மத்தியானத்துக்குள் தந்துவிடுவார்கள், வேட்டி ஒன்று கொண்டுவந்து வையுங்கள் என்று சொன்னால் போதும், பாதி சண்டை அடங்கிவிடும். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒரு ஊர்ப் பிணவறையில் உடலைத் துடைத்துக் கட்டிக் கொடுக்கக் காசு கேட்டதை நானே பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொண்டு நின்றும் இருக்கிறேன். எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக அமரர் ஊர்தி இலவசம், 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

இன்னொன்று, செல்போன். உடலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களில் எங்கள் துறை ஆட்களும் இருந்திருக்கிறார்கள். மகள் இறந்ததைப் போலீஸ் போய்ச் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் போனுக்குப் படம் போன வழக்கு ஒன்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச முடியாது. இறந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் இறந்தே போனாலும் அவருடைய பெயர், அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் அதுவே குற்றம்.

யாரும் தேடி வராத உடலும் உண்டு. சில நாள் வைத்திருந்து, புகைப்படம், கைரேகை, டி.என்.ஏ.வுக்குப் பல்லோ எலும்போ எடுத்து வைத்துவிட்டுப் புதைப்போம். எரிக்க மாட்டோம். பின்னாளில் யாராவது வந்து கேட்டால் தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்க வேண்டி வரும் இல்லையா. புதைக்கும்போது நான் பூ வாங்கிப் போவேன், அதற்கு ரசீது கிடையாது.

உடலை ஒப்படைக்கும்போது சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அதோடு என் வேலை முடிந்தது. ஒரு முறை ஒரு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, பையன் போட்டிருந்த சட்டையைக் கேட்டார். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது சார் என்றார். அது ரத்தத்தோடு காகிதத்தில் கட்டி என் பையிலேயே இருந்தது. அது கோர்ட்டுக்குப் போகணும் ஐயா, அங்கிருந்து லேபுக்கு, வழக்கு முடிகிற வரைக்கும் தர முடியாது, முடிந்தாலும் கோர்ட் சொல்வதுதான் என்றேன். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி, அதுவரைக்கும் நனையாமப் பார்த்துக்கங்க என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நான் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பஸ் பிடித்தேன், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.